ஐந்து நிமிடம் முந்தி

அந்தப் பையை மேலே போட்டுவிடாதீர்கள் சார், உள்ளே ஐஸ் இருக்கிறது, ஒழுகும். என் காலடியிலேயே இருக்கட்டும். நீங்கள் தாராளமாக உட்காருங்கள். ஜன்னலோரம் வேண்டுமா? எனக்கு இந்தப் பக்கம்தான் தோது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கடிகாரம் தெரியும். இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது அது. ஏறியதுமே பார்த்துவிட்டேன்.

ஐஸ் என் மகளுக்கு. அதோ, முன்னால் மூன்றாவது வரிசையில், பச்சைத் துப்பட்டா. மூன்று பேர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு தனியாக இருக்கிறாள். கண்டக்டர் நல்ல மனிதர். காலில் கட்டைப் பார்த்துவிட்டு அந்த சீட்டில் வேறு ஆளை உட்கார வைக்கவில்லை. நான் அவளோடுதான் இருந்தேன். தாம்பரம் வரைக்கும் இருந்தேன். "கால நீட்டணும்ப்பா" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். கால் வலி பாருங்கள்.

அருப்புக்கோட்டை நாங்கள். என் பெயர் அழகுமலை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அரசு வண்டிக்கு இல்லை, தனியார். ஒரு முதலாளிக்கு ஏழு வண்டி, ஏழுக்கும் நான்தான். இருபத்தாறு வருடமாகிறது. உங்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரியாது. ஆறு பன்னிரண்டுக்கு எங்கள் வண்டி எடுக்க வேண்டும். ஆறு பதினெட்டுக்கு இன்னொரு முதலாளி வண்டி. எங்கள் வண்டி ஆறு பதிமூன்று வரை நின்றுவிட்டால் பின்வண்டிக்காரன் வந்து என் சட்டையைப் பிடிப்பான். பிடித்திருக்கிறான், இரண்டு தடவை. ஒரு நிமிடம் என்பது அங்கே அவ்வளவு. நான் விசில் ஊதினால் வண்டி நகர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் டைம் ஆபீஸ் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஐந்து நிமிடம் முந்தி ஓடும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி வைத்தார், நான் மாற்றவில்லை. டிரைவர்கள் எல்லாருக்கும் அது முந்தி ஓடுவது தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துவிட்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். மனசு அப்படி. சரியான நேரத்தைக் காட்டினால் ஒருத்தன் வரமாட்டான். என் சர்வீசில் நான் தெரிந்துகொண்டது இந்த ஒன்றுதான், ஆனால் அதை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டீர்களே. நேவி சார். கடற்படை. மகள் நேவிக்கு எழுதியிருந்தாள். பெயர் வைரச்செல்வி, வைரம் என்று கூப்பிடுவோம். ஒரே பிள்ளை. எங்கள் ஊரில் கடல் ஏது? கண்மாயில் தண்ணீர் நின்றாலே வேடிக்கை பார்க்கப் போவோம். காலேஜில் யாரோ வந்து பேசினார்களாம், அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அடுத்தது உடல் தகுதி. பெண் பிள்ளைகள் ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பதினைந்து தடவை உட்கார்ந்து எழ வேண்டும். பத்து தண்டால், பத்து தடவை படுத்து எழுவது. மற்றதெல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லை. ஓட்டம்தான்.

"கப்பல்ல போறவளுக்கு எதுக்குங்க ஓட்டம்? ஓடப்போறது கப்பலா இவளா?" என்றாள் என் மனைவி பஞ்சவர்ணம். அவள் அப்படித்தான், எதிலும் ஒரு குத்தல் இருக்கும்.

ஐப்பசியில் ஆரம்பித்தோம். பைபாஸுக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோடு, விடியற்காலையில் வண்டி வராது. இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறான். கல்லை நம்பினேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வண்டி மீட்டரில் ஓட்டிப் பார்த்து, பிறகு டேப்பை வைத்து அளந்தேன். எட்டுக் கல், ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஒரு முழம் கூடக் குறையாது. தூரத்தில் நான் ஏமாற்றவில்லை. அதை நீங்கள் நம்பலாம்.

முதல் நாள் ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு செகண்டு. கடைசிக் கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவுப்பா?" என்றாள். சொன்னேன். "நாளைக்கு ஒம்பதரை" என்றாள். மறுநாள் ஒன்பது இருபத்தெட்டு. அப்படிப்பட்ட பிள்ளை.

செல்போன் எடுத்து வரக்கூடாது, கையில் வாட்ச் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேரத்தைப் பார்ப்பது என் வேலை, ஓடுவது உன் வேலை. அவளும் கேட்டதில்லை. ஊரே என் வாட்சை வைத்துத்தான் வண்டி எடுக்கிறது, பெற்ற மகள் கேட்பாளா?

தினமும் நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், எத்தனை கல் வரைக்கும் மூச்சு வாங்காமல் வந்தாள், எல்லாம். மடியில் இருக்கிற இந்தப் பைக்குள்தான் இருக்கிறது, இறங்குவதற்குள் காட்டுகிறேன்.

தை பதினெட்டாம் தேதி ஏழு ஐம்பத்திரண்டில் வந்தாள். எட்டு நிமிடத்துக்குள்ளே! வாயைத் திறந்து சொல்லத்தான் போனேன். அவள் குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறாள், முகத்தை மட்டும் தூக்கி என்னைப் பார்க்கிறாள். சொன்னால் என்ன ஆகும்? அன்றோடு சரி. டீ ஆறட்டும் என்று உட்கார்ந்துவிடுகிற டிரைவர் மாதிரி ஆகிவிடுவாள். பரீட்சைக்கோ இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. அதுவுமில்லாமல் இந்த எட்டு நிமிடம் வாசலில் நுழைவதற்குத்தான். உள்ளே அடிப்படைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. பட்டாளத்தில் இருந்த ஒருத்தரிடம் விசாரித்தேன். இருட்டோடு எழுப்பி ஓட விடுவார்களாம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட விடுவார்களாம், முடியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போய் என் பிள்ளை முழிக்கக்கூடாது.

"எட்டு முப்பத்தஞ்சு" என்றேன்.

கல் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, உள்ளே கிடந்த மண்ணைத் தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள். பிறகு, "இன்னைக்கு நல்லா ஓடுன மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள். "இருக்கும்த்தா. ஆனா வாட்ச் சொல்லணும்ல?" என்றேன்.

அதிலிருந்து அவள் குறைக்கக் குறைக்க நான் கூட்டிக்கொண்டே வந்தேன். ஏழு நாற்பதா, எட்டு இருபத்தெட்டு. ஏழு முப்பதா, எட்டு இருபது. முழுதாகவும் நம்பிக்கையைக் கெடுக்கக்கூடாது பாருங்கள். எட்டை நெருங்குகிற மாதிரி இருக்க வேண்டும், தொடக்கூடாது. அதைக் கணக்குப் பண்ணிச் சொல்வதற்குள் எனக்குத்தான் வேர்த்துவிடும். நோட்டில் மட்டும் நிஜம்தான் எழுதினேன். நோட்டில் நான் பொய் எழுதியதில்லை, இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும்.

வண்டி திண்டிவனம் தாண்டுகிறது. மணி என்ன, எட்டு இருபத்தொன்றா? எட்டு பத்துக்குத் தாண்டியிருக்க வேண்டும். போகட்டும்.

பங்குனியில் ஒரு நாள், மூக்கையா என்று எங்கள் டிரைவர், முதல் நடைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவன், சர்வீஸ் ரோட்டில் வந்து என் பக்கத்தில் நிறுத்தினான். அப்போதுதான் வைரம் ஓடி முடித்து அந்தப் பக்கமாக நடந்து போகிறாள், கால் ஆறுவதற்கு. நான் "எட்டேகால்" என்று அவளுக்குக் கேட்கும்படி கத்தினேன். இவன் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி என் கையைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, ஏழு இருபத்தாறுன்னு காட்டுது. நீங்க எட்டேகால்ங்கிறீங்க?"

"மெதுவாப் பேசுடா. வண்டிய எடு, ரெண்டு நிமிசம் லேட்டு."

"யாரு கடிகாரத்துல?" என்று சிரித்தான். அவன் வாய் அப்படி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நம்ம கடிகாரம் முந்தி ஓடுறது எங்களுக்குத் தெரியும்ணே. அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?" என்றான்.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், இவர்களுக்கெல்லாம் ஒரு பிள்ளையை ஆளாக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அது என்ன கடிகாரம்? அவனை விசில் ஊதி அனுப்பிவிட்டேன்.

அந்த பங்குனியில்தான் வலி என்று ஆரம்பித்தாள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில். "தீக்குச்சிய வச்சுத் தேக்கிற மாதிரி இருக்குப்பா." ஓடுகிற பிள்ளைக்கு வலிக்காமல் இருக்குமா? ராத்திரி பஞ்சவர்ணம் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்த மாவைக் குழைத்துப் பற்றுப் போடுவாள். காலையில் அது காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், உரித்துவிட்டு ஷூ போடுவாள். ஒரு மாதம் அப்படி. பிறகு மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். நான் பார்க்காத போது பிடிப்பாள்.

"டாக்டர்கிட்டக் காட்டுவோம்ங்க."

"காட்டுனா என்ன சொல்வான்? ஓடாதேம்பான். அதச் சொல்றதுக்கு டாக்டர் வேணுமா?"

"பிள்ளை எட்டேகால் நிமிசத்தையே பிடிச்சுக்கிட்டு அழுவுது. நெசமாவே குறையலையா?"

மனைவியிடமும் சொல்லவில்லை நான். சொன்னால் அந்த நிமிடமே பிள்ளை காதுக்குப் போய்விடும். "குறைஞ்சிக்கிட்டிருக்கு" என்றேன். அது பொய்யில்லையே. குறைந்துகொண்டுதானே இருந்தது?

வைரமே ஒரு நாள் கேட்டாள். சித்திரையில். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏழாவது கல்லில் நின்றுவிட்டாள். நொண்டிக்கொண்டே வந்தாள். "யப்பா, ஒரு பத்து நாள் விட்டுட்டு ஓடுறேன். கால் கேக்க மாட்டேங்குது." நான் என்ன செய்ய? கட்டாயப்படுத்தினேன் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. "உன் இஷ்டம்த்தா. இன்னும் பதினஞ்சு செகண்டுதான் இருக்கு. விட்டா மறுபடி ஒம்பதுக்குப் போயிரும். அப்புறம் நீயே சொல்லு" என்றேன். அவளேதான் சொன்னாள், "சரி, ஓடுறேன்" என்று. அவளேதான். மறுநாள் காலை எனக்கு முன்னால் எழுந்து வாசலில் ஷூவோடு நிற்கிறாள். கட்டாயப்படுத்தினால் ஒரு பிள்ளை அப்படி நிற்குமா?

வைகாசியில் ஏழு ஒன்பது. நோட்டில் இருக்கிறது. அந்தக் காலோடு ஏழு ஒன்பது.

முந்தாநாள்தான் தேர்வு. பெற்றவர்களைக் கம்பி வேலிக்கு வெளியே நிற்க விட்டார்கள். வைரம் என்னைத் தேடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், முகம் வெளுத்திருந்தது. காலையிலிருந்து இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். "ஆகாதுப்பா, எட்டு ஆகாது" என்று லாட்ஜிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இருடி, உனக்கு இன்றைக்குத்தானே தெரியப்போகிறது என்று. அந்த நிமிடத்துக்காகத்தான் சார் ஐப்பசியிலிருந்து காத்திருந்தேன்.

விசில் அடித்ததும் நானும் வாட்சை அமுக்கினேன். நான்கு சுற்று. முதல் சுற்றில் எட்டாவதாக வந்தாள், மூன்றாவது சுற்றில் ஐந்து. கடைசிச் சுற்றில் ஒரு காலை இழுத்துத்தான் ஓடினாள், இழுத்துக்கொண்டே இரண்டு பேரைத் தாண்டினாள். முடிகிற இடத்தில் ஒருத்தர் உரக்க ஒவ்வொருவருடைய நேரத்தையும் சொன்னார். ஏழு நிமிடம் பன்னிரண்டு செகண்டு. என் வாட்சிலும் அதேதான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருடையதோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவரிடம் போய்க் கேட்டாள், அவர் மறுபடி சொன்னார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாட்சைத் தூக்கிக் காட்டினேன். குதிப்பாள், ஓடி வருவாள் என்று இருந்தேன். அங்கேயே நின்றாள். கூடப் போன பிள்ளைகள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், இவள் அப்படியே நிற்கிறாள். அதிர்ச்சி. சந்தோஷத்திலும் அப்படி வரும் என்பார்கள்.

உட்கார்ந்து எழுவது, தண்டால், எல்லாம் முடித்தாள். நேற்று மருத்துவப் பரிசோதனை. அங்கேதான் சார் போயிற்று.

காலை அமுக்கியிருக்கிறார்கள், இவள் கத்தியிருக்கிறாள். எக்ஸ்ரே. அப்புறம் இன்னொரு ஸ்கேன். எலும்பில் கோடு என்கிறார்கள். விழுந்து உடைந்தது இல்லை, ஓய்வே கொடுக்காமல் ஓடி ஓடி விழுகிற கோடாம். ஒரு முடி கனம் இருக்காது. நான் படத்தைப் பார்த்தேன், எனக்குத் தெரியவே இல்லை. தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். சரியானால் மறுபடி காட்டலாம், ஆனால் அவர்கள் கொடுக்கிற நாளுக்குள் எலும்பு கூடிவராது, மூன்று மாதம் ஆகும். அடுத்த ஆளெடுப்புக்கு வயசு தாண்டிவிடுகிறது. எத்தனை நாளில் தாண்டுகிறது தெரியுமா? பதினேழு. பதினேழே நாள். ஒரு நிமிடம் லேட்டானால் சட்டையைப் பிடிக்கிற தொழிலில் இருக்கிறேன் நான், எனக்குத் தெரியும் பதினேழு நாள் என்றால் என்னவென்று.

மூன்றாவதாக ஓடி வந்த பிள்ளை சார். ஒரு முடி கோட்டுக்காக. இதைக் கேட்க ஆள் இல்லையா?

அந்த டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டார். "எவ்ளோ நாளா வலியோட ஓடுச்சு இந்தப் பொண்ணு?" நாலு மாதம் என்றேன். "மூணு மாசம் முன்னாடி நிறுத்தியிருந்தா இந்நேரம் ஆறியிருக்கும். ஏழு பன்னிரண்டுல ஓடுற பொண்ணு, நிறுத்தியிருக்கலாமே?" என்றார். அவர்களுக்கென்ன, ஏசி ரூமில் இருந்து சொல்வார்கள். நிறுத்தியிருந்தால் ஏழு பன்னிரண்டு எங்கிருந்து வரும்? அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வைரம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

லாட்ஜுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தை மாசம் கல்லு மேல உக்காந்திருந்தேன்ல, அன்னைக்கு நெசமா எவ்வளவுப்பா?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஏழு ஐம்பத்திரண்டு. பார்த்தாள். பிறகு நோட்டை அவளே வாங்கி, தை, மாசி, பங்குனி என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். சித்திரையில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. என் கையெழுத்து சுத்தமாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது. முழுக்கப் படித்துவிட்டு மூடி என் கையில் கொடுத்தாள். "பார்த்தியா, எவ்வளவு கொண்டுவந்திருக்க நீ" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதிலிருந்து பேச்சே இல்லை. வேலை போன வருத்தம். இருக்காதா?

ஆனால் நான் அவளை விடப்போவதில்லை. போலீசுக்கு வயசு இருக்கிறது இன்னும். அங்கேயும் ஓட்டம் உண்டு, தூரம் இதைவிடக் குறைவுதான். கால் ஆறட்டும், இரண்டு மாதம். மூன்று மாதம் என்று சொன்னார்கள், அவர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள்.

வண்டி மெதுவாகிறதே. ஓ, ஓட்டலா. உளுந்தூர்பேட்டை இன்னும் வரவில்லை, இங்கேயே நிறுத்துகிறானா? இருங்கள், கண்டக்டரைக் கேட்கிறேன். சார், எவ்வளவு நேரம் நிக்கும்? இருபதா? நல்லது.

எட்டு ஐம்பத்தெட்டு. சாப்பிட்டுவிட்டு வரலாம் நீங்கள். உங்கள் பையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வந்ததும் இந்த ஐஸைக் கொட்டிவிட்டு வேறு ஐஸ் வாங்க வேண்டும்.

அம்மாடி வைரம், இறங்குறியாத்தா? பத்து நிமிசந்தானாம். சடக்குன்னு போயிட்டு வந்துரு.

எழுந்துவிட்டாள். சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போகிறாள் பாருங்கள். நான் பிடித்தால் பிடிக்காது. படியில் உட்கார்ந்து இறங்குகிறாள், சாமர்த்தியசாலி. இதோ, ஜன்னல் வழியாகத் தெரிகிறது. கீழே கண்டக்டர் நிற்கிறார், அவரிடம் நின்று என்னமோ கேட்கிறாள். அவர் வாயில் வெற்றிலை போலிருக்கிறது. இரண்டு கை விரலையும் விரித்துக் காட்டுகிறார். மடக்கிவிட்டு, இன்னொரு தடவை விரிக்கிறார்.